ஈர விறகை எப்படி அடுக்கினால் எரியும்?

மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கூடாரத்தைச் சுற்றித் தரை சொதசொதவென்று இருக்கிறது. பொறுக்கி வந்த விறகு முழுக்க நனைந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் குச்சிகளைக் கூம்பாக நிறுத்தி நடுவில் காகிதத்தைக் கொளுத்துவார்கள். காகிதம் எரிந்து முடியும், குச்சிகள் புகையும், கண்ணில் நீர் வரும், நெருப்பு மட்டும் வராது. ஒரு மலைமுகாமில் எனக்கும் இப்படித்தான் ஆனது. மூன்று முறை கூம்பு அணைந்த பிறகு, பக்கத்தில் கிடந்த ஒரு பருத்த கட்டையை உருட்டிவந்து அதன்மேல் அதே குச்சிகளைச் சாய்த்து வைத்தேன். நான்காவது முறை பிடித்துக்கொண்டது. விறகும் தீப்பெட்டியும் மாறவில்லை, அடுக்கு மட்டும்தான் மாறியது. அன்றிலிருந்து விறகு அடுக்கும் விதங்களைக் கவனித்துப் பார்த்து வருகிறேன். ஈர விறகுக்கு எது ஒத்துவரும், எது வராது என்று என் கணிப்பைச் சொல்கிறேன்.

முதலில் ஈரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விறகு சூடேறும்போது அதிலிருந்து கிளம்பும் வாயுதான் தீ நாக்காக எரிகிறது. அந்த வாயு தாராளமாக வெளிவர 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். ஆனால் கட்டையில் நீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது. வருகிற சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஒரு கிலோ குளிர்ந்த நீரை முழுக்க ஆவியாக்கச் சுமார் 2.6 மெகாஜூல் தேவை. ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் ஏறத்தாழ 18 மெகாஜூல் கிடைக்கும். அப்படியானால் எடையில் பாதி நீராக இருக்கும் ஒரு கிலோ கட்டையில்கூட 9 மெகாஜூல் இருக்கிறது. அதன் நீரை ஓட்ட 1.3 போதும். கணக்கில் மிச்சம் நிறையவே இருக்கிறது.

பிறகு ஏன் எரிவதில்லை? வரவு பின்னால் வருகிறது, செலவு முன்னால் நிற்கிறது. நீர் போன பிறகுதான் கட்டை சூடு கொடுக்கத் தொடங்கும். அதுவரை வேறு ஏதோ ஒன்று அதற்குச் சூட்டைக் கடனாகக் கொடுத்தாக வேண்டும். ஈர விறகைப் பொறுத்தவரை அடுக்கு என்பது அந்தக் கடனைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு. எந்த அடுக்கைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். சூடு எங்கே போகிறது? கிளம்பும் நீராவிக்கு வழி இருக்கிறதா? மேலே மழை விழுந்தால் எது நனையும்?

எந்த ஈரம் என்று பாருங்கள்

எல்லா ஈர விறகும் ஒன்றில்லை. பட்டுப்போய் நின்றபடியே காய்ந்த மரத்தின் கிளை மழையில் நனைந்திருந்தால் ஈரம் தோலோடு நிற்கும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி காய்ந்தே இருக்கும். மரத்தில் நீர் நார் ஓடும் திசையில் வேகமாகவும், குறுக்கே மிக மெதுவாகவும் ஊடுருவும். அதனால் இரு முனைகளும் மேற்பரப்பும்தான் முதலில் நனைகின்றன. இதுதான் நமக்கு வேண்டிய விறகு. தரையில் நெடுநாள் கிடந்து ஊறிய கட்டையும், உளுத்துப்போய்ப் பஞ்சுபோல அமுங்கும் கட்டையும் வேறு வகை. அவை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். பச்சை விறகு அதைவிட மோசம். அதன் ஒவ்வொரு உயிரணுவிலும் நீர் இருக்கிறது, எந்த அடுக்கும் அன்றிரவுக்குள் அதைக் காயவைக்காது.

சோதிப்பது எளிது. குச்சியை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்து நார் நாராகப் பிரிந்தால் வேண்டாம். பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் சில்லென்று தெரியும். கை விரல் ஏமாந்தாலும் கன்னம் ஏமாறாது.

அப்புறம், பிளப்பது. கோடாலியோ கனத்த வெட்டுக்கத்தியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கட்டையின் சுற்றளவு சுமார் 31 சென்டிமீட்டர். அதை நான்காகப் பிளந்தால் நான்கு துண்டுகளின் சுற்றளவும் சேர்ந்து 71 சென்டிமீட்டர் ஆகிவிடும். தீ தொடக்கூடிய பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாகக் கிடைத்த பரப்பு முழுவதும் உட்பக்கத்துக் காய்ந்த முகம். உள்ளிருந்து எடுத்த துண்டுகளில் சிலவற்றைக் கத்தியால் சீவி, சீவல்கள் உதிராமல் சுருள் சுருளாகக் குச்சியிலேயே நிற்கும்படி விட்டுவிடுங்கள். அப்படி ஐந்தாறு சீவல் குச்சிகள் இருந்தால் காகிதமே தேவைப்படாது. பென்சில் கனத்துக் குச்சிகள் எவ்வளவு வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைப்போல மூன்று மடங்கு சேர்த்து வையுங்கள். ஈர விறகில் நெருப்பு அணைவதற்கு நான் பார்த்த முதல் காரணம் சுள்ளிப் பற்றாக்குறைதான்.

அடுக்குக்குக் கீழே ஒரு தளம்

எந்த அடுக்கைத் தேர்ந்தாலும் இது பொது. ஈரத் தரைமேல் நேரடியாகத் தீ மூட்டினால், அந்தத் தீ முதலில் தரையைத்தான் உலர்த்தும். கடனாகக் கொடுக்க வைத்திருக்கும் சூடு மண்ணுக்குப் போய்விடும், மண்ணிலிருந்து எழும் நீராவி சுள்ளிகளை மறுபடி நனைக்கும். மணிக்கட்டு கனத்துக் கட்டைகளை நெருக்கமாகப் பக்கம் பக்கமாகப் பரப்பி அதன்மேல் தீயை மூட்டுங்கள். தளத்துக்கு ஈரக் கட்டையே போதும். பிளந்த கட்டை இருந்தால் காய்ந்த முகம் மேலே பார்க்கட்டும். பனிமேல் தீ மூட்ட வேண்டியிருந்தால் தளம் இல்லாமல் முடியவே முடியாது. பனி உருகித் தீயே பள்ளத்தில் இறங்கிவிடும்.

கூம்பு அடுக்கு

எல்லோருக்கும் தெரிந்தது. உயரமான தீ நாக்கு சீக்கிரம் கிடைக்கும், காற்று கீழிருந்து நன்றாக இழுக்கும். காய்ந்த விறகுக்கு அருமையான தொடக்கம். ஈர விறகில் இதன் குறைகள் பெரிதாகிவிடுகின்றன. ஒவ்வொரு குச்சியும் தனியாக நிற்பதால் ஒரு குச்சியின் அனல் இன்னொன்றுக்குச் சரியாகப் போவதில்லை, பெரும்பகுதி மேலே பறந்துவிடுகிறது. மழை எல்லாப் பக்கமும் நனைக்கிறது. நடுவிலிருந்த சுள்ளி எரிந்து தீர்ந்ததும் கூம்பு சரியும். வெளிப்பக்கத்து ஈரக் கட்டைகள் பிஞ்சுத் தணலின்மேல் விழுந்து அதை அமுக்கிவிடும். என் மூன்று கூம்புகளும் இப்படித்தான் போயின. முழு அடுக்காக இதை நம்பாதீர்கள். வேறொரு அடுக்கின் உள்ளே, காய்ந்த சீவல்களை வைத்துச் சின்னதாக நிறுத்தும் கூம்பாக இருந்தால் நல்லது.

சாய்ப்பு அடுக்கு

பருத்த கட்டை ஒன்றைத் தளத்தின்மேல் கிடத்துங்கள். தொடையளவு கனம் இருந்தால் நல்லது. அதை ஒட்டிச் சீவல்களையும் சுள்ளிகளையும் வைத்து, மேலே மெல்லிய குச்சிகளை ஒரு முனை கட்டைமேலும் மறு முனை தளத்திலும் இருக்கும்படி சாய்த்து வையுங்கள். வீட்டுச் சுவரோடு சேர்த்துச் சாய்ப்பு இறக்குவது போலத்தான். குச்சி பிடித்ததும் அதன்மேல் இன்னும் கனமான குச்சி, அதன்மேல் இன்னும் கனமானது.

மழையில் தொடங்குவதற்கு என் முதல் தேர்வு இதுதான். காற்றும் சாரலும் வரும் பக்கத்தில் கட்டை இருந்தால் தீக்கு ஒரு சுவர் கிடைக்கிறது. சாய்த்த குச்சிகள் கூரையாகின்றன. கட்டையின் உள்முகம் கொஞ்ச நேரத்தில் காய்ந்து சூடேறி, வாங்கிய அனலைத் தீக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். சூடு ஒரே பக்கம் குவிகிறது, சிதறுவதில்லை. ஒற்றைக் கையால்கூட அடுக்கலாம், சரிந்து விழவும் எதுவும் இல்லை. காற்று மிகக் குறைவான நாளில் மட்டும் திறந்த பக்கத்தை லேசான காற்று வரும் திசைக்குத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் தீ மூச்சுத் திணறும்.

குறை என்னவென்றால் இது சுற்றி உட்கார்ந்து குளிர்காயும் தீ ஆகாது. கட்டைக்குப் பின்னால் உட்கார்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டு மூன்று பேருக்குச் சரி, பத்துப் பேருக்குப் போதாது.

சதுர அடுக்கு

இரண்டு கட்டைகள் இப்படி, அதன்மேல் இரண்டு கட்டைகள் குறுக்காக, இப்படியே கிணற்று உறைபோல உயர்த்துவது. பலரும் நடுவில் தீயை வைத்துவிட்டு, சுவரே எரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஈர விறகில் அது நடக்காது. சுவர்க் கட்டைகள் தீயிலிருந்து தள்ளி இருக்கின்றன, இடைவெளிகள் வழியாகக் காற்று தாராளமாகப் புகுந்து அனலைக் கலைத்துவிடுகிறது.

ஆனால் சுவரை எரிபொருளாக நினைக்காமல் உலர்த்தும் பரணாக நினைத்துப் பாருங்கள். நடுவில் சிறிய கூம்பு, பிளந்த காய்ந்த துண்டுகளால் ஆனது. அதைச் சுற்றி நனைந்த கட்டைகளின் சுவர். மேலே, தீ நாக்குக்கு ஒரு முழம் உயரத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு நனைந்த கட்டைகளின் கூரை. உள்ளே எரிகிற தீ வீணாக மேலே அனுப்பும் சூட்டைக் கூரை பிடித்துக்கொள்கிறது. மழை பெய்தால் கூரைதான் முதலில் நனையும், உள்ளே உள்ள தீ பிழைத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் கூரைக் கட்டைகளின் முனைகளில் நீர் நுரைத்துக் கொப்பளிப்பதைப் பார்ப்பீர்கள். கடன் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நுரை நின்ற கட்டையை உள்ளே இறக்கி, அதன் இடத்தில் அடுத்த ஈரக் கட்டையை ஏற்றுங்கள்.

ஆள் நிறைய, விறகும் நிறைய, ஆனால் அத்தனையும் நனைந்தது என்றால் இதைவிட நல்ல அடுக்கு எனக்குத் தெரியாது. ஒரு நிபந்தனை: நடுக்கூம்பை அரை மணி நேரமாவது ஓட்டும் அளவுக்குக் காய்ந்த துண்டுகள் கையில் இருக்க வேண்டும். கூரையை நெருக்கமாக மூடினால் நீராவியும் புகையும் வெளியேற வழியில்லாமல் தீ அணைந்துவிடும். ஆசைப்பட்டு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடாதீர்கள்.

தலைகீழ் அடுக்கு

பருத்த கட்டைகள் அடியில், மெல்லியவை மேலே, உச்சியில் சுள்ளி. தீ மேலிருந்து கீழே இறங்கும். காய்ந்த விறகில் இதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கீழிருந்து கிளம்பும் புகை தீ நாக்கு வழியாகவே போவதால் புகை குறைவு. ஒரு முறை பற்றவைத்தால் நெடுநேரம் கை வைக்கத் தேவையில்லை.

ஈரத்துக்கும் இதுவே சிறந்தது என்று பலர் சொல்கிறார்கள், அடிக்கட்டைகளே தளமாக அமைவதால். அந்தப் பகுதி உண்மைதான். ஆனால் அனல் மேலே போகும் இயல்புடையது. அடியில் இருக்கும் ஈரக் கட்டைக்கு மேலிருந்து கதிர்வீச்சும் தணலின் தொடுசூடும் மட்டுமே கிடைக்கின்றன. தோல் மட்டும் நனைந்த கட்டையைப் பிளந்து, காய்ந்த முகம் மேலே இருக்கும்படி அடுக்கினால் இறங்கி எரியும். உள்வரை ஊறிய கட்டையென்றால் உச்சியில் ஒரு நல்ல தீ பத்து நிமிடம் எரிந்து, கீழே கருகிய கட்டையை விட்டுவிட்டு அணையும். தூறல் இருக்கும்போது இன்னும் மோசம், நனையவே கூடாத சுள்ளி உச்சியில் வெட்டவெளியில் இருக்கிறது. மழை நின்றுவிட்டது, கோடாலி இருக்கிறது, விறகின் உள்ளே காய்ந்திருக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

இணைக்கட்டை அடுக்கு

இரண்டு நீண்ட கட்டைகளை ஒன்றுக்கொன்று எதிராகக் கிடத்தி, ஒரு முனை அகன்றும் மறு முனை குறுகியும் இருக்கும்படி வைத்து நடுவில் தீயை வளர்ப்பது. அகன்ற வாய் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். இரு கட்டைகளின் உள்முகங்களும் நேருக்கு நேர் பார்ப்பதால் ஒன்றின் அனலை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. பாத்திரம் வைக்க இதைவிட வசதி கிடையாது. தீ தொடங்கிய பிறகு, சமைக்கும் நேரத்தில், சாய்ப்பு அடுக்கை இதுவாக மாற்றிக்கொள்வது எளிது. எதிரில் இன்னொரு கட்டையை உருட்டி வைத்தால் முடிந்தது. உள்முகம் கனிந்ததும் கட்டையைக் கால்சுற்று திருப்பினால் அடுத்த ஈர முகம் காயத் தொடங்கும்.

ஃபின்லாந்தில் இதே தத்துவத்தில் இரண்டு நீண்ட கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் சிறு இடைவெளி விட்டு அடுக்கி இரவு முழுக்க எரியவிடும் ஒரு முறை உண்டு. அங்கே அதை ரகோவல்கெயா என்பார்கள். நின்றபடியே காய்ந்த பைன் மரத்துக்கான ஏற்பாடு அது. நனைந்த, உருண்டையான கட்டைகளோடு முயன்றால் இடைவெளியில் தீ தங்காது.

நட்சத்திர அடுக்கு

நீண்ட கட்டைகளின் முனைகள் நடுவில் கூட, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல விரிந்து கிடக்கும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம். வெட்டுகிற கருவி எதுவும் வேண்டாம், விறகும் மிச்சம். ஆனால் தீ சின்னது, முனைகள் மட்டும்தான் சூட்டைப் பார்க்கின்றன, மரம் தன் நீளத்துக்குச் சூட்டைக் கடத்துவதும் குறைவு. நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதி மழையில் நனைந்துகொண்டே இருக்கும். தொடக்கத்துக்கு ஆகாது. நல்ல தணல் சேர்ந்த பிறகு, பின்னிரவில் தீயைச் சாகாமல் வைத்திருக்க மட்டும்.

பிளந்த கட்டையை நிறுத்துவது

ஸ்வீடிஷ் டார்ச் என்று பெயர். முழங்கால் உயரத்துக் கட்டை ஒன்றை நான்காகப் பிளந்து, அதே வரிசையில் மறுபடி சேர்த்து நிறுத்தி, இடையில் விரல் நுழையும் இடைவெளி விட்டு, கம்பியாலோ பச்சைக் கொடியாலோ அடியில் கட்டிவிடுவது. இடைவெளியில் சீவல்களைத் திணித்து மேலிருந்து பற்றவைத்தால் கட்டை உள்ளிருந்து எரியும். தோல் நனைந்து உள்ளே காய்ந்த கட்டைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. நான்கு காய்ந்த முகங்களும் ஒன்றையொன்று பார்க்கின்றன, ஈரத் தோல் வெளிப்பக்கம் சுவராக நிற்கிறது, சூடு வெளியே சிதற வழியே இல்லை. தரை எவ்வளவு ஈரமாக இருந்தாலும் தீ தரைக்கு மேலே இருக்கிறது. தட்டையான தலையில் ஒரு கெட்டிலை வைக்கலாம்.

ஒரே ஒரு நல்ல கட்டையும் ஒரு கோடாலியும் மட்டும் இருந்தால் நான் யோசிக்காமல் இதைச் செய்வேன். இதன் அனல் சுற்றிலும் பரவாது என்பதால் குளிர்காயப் பெரிதாக உதவாது, எரிந்து முடியும் நேரத்தில் நிற்காமல் சாயும். கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள்.

குழி தோண்டி அதற்குப் பக்கத்தில் காற்றுக்கு இன்னொரு துளை போடும் டகோட்டா குழி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. காய்ந்த மண்ணில், பலத்த காற்றில் அது அருமை. மழையில் குழி நீரைச் சேர்த்து வைக்கும், சுற்றியுள்ள ஈர மண் சூட்டைக் குடிக்கும். வேண்டாம்.

என் வரிசை

கருவி எதுவும் இல்லை, தூறல் நிற்கவில்லை என்றால் சாய்ப்பு. கோடாலியும் உட்பகுதி காய்ந்த ஒரு கட்டையும் இருந்து, வேண்டியது சூடான ஒரு கோப்பை மட்டும் என்றால் ஸ்வீடிஷ் டார்ச். கூட்டம் பெரிது, இரவு நீளம் என்றால் சாய்ப்பில் தொடங்கி, தணல் ஒரு கையகலம் சேர்ந்ததும் அதைச் சுற்றிச் சதுரப் பரண். பச்சை விறகு மட்டுமே கிடைக்கிறது என்றால் அடுக்கை மாற்றிப் பயனில்லை. வெளிச்சம் இருக்கும்போதே இன்னும் அரை மணி நேரம் நடந்து, நின்றபடியே பட்டுப்போன மரம் ஒன்றைத் தேடுங்கள்.

தொடங்குவதற்கு வாஸ்லின் தடவிய பஞ்சு உருண்டைகளை ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் வைத்திருக்கிறேன். ஒன்று பல நிமிடங்கள் எரியும். மெழுகுவர்த்தித் துண்டும் நல்லதுதான். பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றுபவரின் கைவரை ஆவி பரவி ஒரே மூச்சில் பற்றும், அது எரிந்து முடிந்தபின் கட்டையின் ஈரம் அப்படியே இருக்கும். ஆற்றோரத்துக் கற்களைத் தீயைச் சுற்றி வைக்காதீர்கள், உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம். மழை வலுத்தால் தீயைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகும் எண்ணமே வரக்கூடாது. தணல்கூடக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தீ மூட்ட அனுமதி உள்ள இடமா என்பதை மழைக்காலத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கப் போகும் முன் பரணில் உலர்ந்த கட்டைகளில் நாலைந்தையும் ஒரு கைப்பிடிச் சுள்ளியையும் எடுத்து, அவற்றில் பொறி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, தார்ப்பாயால் சுற்றிக் கூடாரத்தின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். தீயை நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடில்லை என்று தெரிந்தபின் படுங்கள். விடிகாலையில் மறுபடி மழை பெய்துகொண்டிருந்தாலும் அந்தக் கட்டைகள் ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொள்ளும்.